ஐந்து நிமிஷப் பிரசங்கமும் பலூன் கொட்டகையும்

"பிட்ச்" என்றால், பையன்கள் செங்கல்லை அடுக்கி ஸ்டம்பு வைத்துக் கிரிக்கெட் ஆடும் இருபத்திரண்டு கஜத் தரை என்றுதான் சென்ற வருஷம் வரையில் நான் நினைத்துக் கொண்டிருந்தேன். இருபது வருஷ காலமாக ராயபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பவனுக்கு வேறு என்ன அர்த்தம் தோன்றப் போகிறது? ஆனால் இப்பொழுது அந்தச் சொல்லுக்குப் புதிதாக ஒரு பொருள் உண்டாகியிருக்கிறது. தொழில் தொடங்க விரும்பும் ஒருவர், பணம் போடக்கூடிய பெரிய மனிதர்களின் எதிரில் நின்று கொண்டு, "என் யோசனை இது, இதில் இவ்வளவு லாபம் வரும், இன்ன தொகை தாருங்கள், என் கம்பெனியில் இத்தனை பங்கு எடுத்துக் கொள்ளுங்கள்" என்று ஐந்து நிமிஷத்துக்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். அதற்குத்தான் பிட்ச் என்று பெயர். அப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகப் பேசுவதற்கென்றே கூட்டுகிற சபைக்கு "பிட்ச் நைட்" என்று பெயர். சென்னையில் மார்கழி மாதத்தில் சங்கீத சபைகள் மலிந்திருப்பது போல, கிண்டி, தரமணி, பழைய மகாபலிபுரம் சாலை ஆகிய பிரதேசங்களில் இந்தச் சபைகள் பன்னிரண்டு மாதமும் நடந்து வருகின்றன.

சென்ற ஆவணி மாதத்தில் அப்படிப்பட்ட சபை ஒன்றுக்கு நானும் போக நேர்ந்தது. என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த பெண் ஒருத்தி அங்கே பேசப் போவதாகவும், தெரிந்த முகம் ஒன்று கூட்டத்தில் இருந்தால் தைரியமாயிருக்கும் என்றும் வந்து சொன்னாள். அவளுடைய தாயார் காசிமேட்டுத் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தண்டையார்ப்பேட்டைத் தெருக்களில் கூவி விற்பவள். பெண்ணோ பாலிடெக்னிக்கில் இயந்திரப் படிப்புப் படித்து டிப்ளமா வாங்கியவள். ஒரகடத்தில் மோட்டார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒரு வருஷம் ஒப்பந்த வேலை பார்த்தாள். பிறகு அதை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று போட்டுக்கொண்டு, பெட்டி செய்ய ஆரம்பித்தாள்.

அந்தப் பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். மீன் விற்கும் பெண்கள் அலுமினிய அன்னக்கூடையில் மீனைப் போட்டு, மேலே ஐஸைத் தூவி, கோணியால் மூடிக் கொண்டு கிளம்புகிறார்கள். வெயில் ஏறியதும் ஐஸ் உருகிவிடுகிறது. உருகிய தண்ணீரிலேயே மீன் ஊறிக் கிடக்கிறது. உச்சிப் பொழுதுக்குள் செவுள் வெளுத்து, கண் குழிந்து, காலையில் நூறு ரூபாய் சொன்ன மீனை ஐம்பதுக்குத் தள்ளிவிட்டுப் போகும்படி ஆகிறது. தாயார் தினந்தோறும் இப்படி நஷ்டப்படுவதைப் பார்த்தே வளர்ந்த பெண், அலுமினியத் தகட்டினால் இரட்டைச் சுவர் வைத்து, நடுவே தெர்மாகோல் அடைத்து, உள்ளே சல்லடைத் தட்டும், அடியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு திருகு குழாயும் அமைத்து, தள்ளுவண்டியில் பொருந்தும்படி பெட்டி செய்தாள். ஐஸ் நீர் மீனைத் தொடாமல் கீழே இறங்கிவிடுகிறது. காலை ஆறு மணிக்கு வைத்த வஞ்சிரம் மாலை நான்கு மணிக்கும் விறைப்பாக இருந்ததை நானே தொட்டுப் பார்த்தேன். இப்படி ஆறு பெட்டி செய்து, பெட்டி ஒன்றுக்கு 2,500 ரூபாய் விலை வைத்து, வாரம் ஐம்பது ரூபாய் தவணையில் ஆறு பெண்களுக்குக் கொடுத்திருந்தாள்.

திருவொற்றியூர்த் தேரடியில் மெட்ரோ ரயில் ஏறினோம். பெட்டி அவள் மடியில் இருந்தது. வழியில் வரும் ஸ்டேஷன்களின் பெயர்களே ஒரு சரித்திர பாடம். காலடிப்பேட்டை என்பதற்குத் தெய்வத்தின் காலடியைச் சொல்லுவோர் உண்டு. உண்மையில் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக 1717 முதல் 1720 வரையில் இருந்த ஜோசப் காலெட் துரை நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை; காலெட் பேட்டைதான் நம் வாயில் காலடிப்பேட்டையாயிற்று. பாதையின் வடக்குக் கோடியில் விம்கோ நகர் இருக்கிறது. ஸ்வீடன் தேசத்து முதலாளிகளின் தீப்பெட்டித் தொழிற்சாலை விட்டுச் சென்ற பெயர் அது. யாரோ எப்பொழுதோ தொழில் தொடங்கிய இடங்களின் வழியாகத்தான், தொழில் தொடங்கப் பணம் கேட்பதற்காகத் தெற்கே போய்க் கொண்டிருந்தோம்.

சபையில் குளிர்ச்சி அதிகம். மேடையில் நீல விளக்கு. எதிரே ஐந்து நிமிஷத்திலிருந்து பூஜ்யத்தை நோக்கி ஓடும் ஒரு கடிகாரம். நீதிபதிகள் ஐவர். அவர்களில் மூவருக்குத் தமிழ் தெரியாது. நடவடிக்கை முழுவதும் இங்கிலீஷில்தான். பேச வந்தவர்கள் அதில் வெளுத்து வாங்கினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பணம் போடுபவருக்கு அங்கே "ஏஞ்சல்" என்று பெயர், அதாவது தேவதூதர். பெருத்துப் போன கம்பெனிக்கு "யூனிகார்ன்" என்று பெயர். அதாவது உலகத்தில் இல்லாத ஒற்றைக் கொம்புக் குதிரை. போட்டிக்காரன் உள்ளே புக முடியாதபடி உனக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பதற்கு, "உன் அகழி எது?" என்கிறார்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையைச் சுற்றி அகழி வெட்டிய ஊர்தானே என்று நானும் சமாதானம் செய்து கொண்டேன்.

ஒன்பதாவதாக நம் பெண் ஏறினாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷ் இரண்டரை நிமிஷம் வரையில் சரளமாக வந்தது. பிறகு ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுவிட்டது. கடிகாரம் மட்டும் நிற்கவில்லை. நீதிபதிகளில் தமிழர் ஒருவர், "தமிழிலேயே சொல்லும்மா, பரவாயில்லை" என்று கனிவாகச் சொன்னார். அவள் தமிழில் சொன்ன சொற்கள் நாற்பது இருந்தால், பக்கத்திலிருந்தவர்களுக்கு இங்கிலீஷில் போய்ச் சேர்ந்தவை எட்டுத்தான். வேறொருவர், "உங்கள் பர்ன் ரேட் என்ன?" என்று கேட்டார். கையிலுள்ள பணம் மாதா மாதம் எவ்வளவு வேகத்தில் கரைகிறது என்பதற்கு அந்த உலகத்தில் வழங்கும் வார்த்தை அது. இவள் "பர்ன்" என்ற சொல்லைப் பிடித்துக் கொண்டாள்.

"எரிக்கிறது ஒண்ணும் இல்லீங்க சார், எல்லாம் ஐஸ்தான்" என்றாள்.

சபை முழுவதும் சிரித்தது. பொல்லாத சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். வேறு இடமாயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் என்ன சொல்லியும் பயனில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் தமிழ் நீதிபதி கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "பெட்டி ஒன்றுக்குச் சாமான் செலவு 2,350 என்கிறாய். உன் கூலி எங்கே?" அவ்வளவுதான். அதற்கு அவளிடம் பதில் இல்லை. திரும்பி வரும் ரயிலில், தேனாம்பேட்டை தாண்டுகிற வரையில் அவள் பேசவில்லை. பிறகு, "சார், பெட்டிக்கு மூணு நாள் வேலை. ஒரகடத்துல இப்ப மறுபடி கூப்பிடறாங்க, மாசம் பதினெட்டாயிரம். நாள் ஒண்ணுக்கு எழுநூறு ரூபாய்னு வைங்க. அப்ப ஒரு பெட்டிக்கு என் கூலி இரண்டாயிரத்து நூறு. ஆறு பெட்டியும் நான் கைக்காசு போட்டுக் குடுத்திருக்கேன்" என்றாள். ஒரகடத்துக்காரர்களுக்குத் தீபாவளிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கொட்டகை போடுவதற்காகத் தாயாரின் சங்கிலி சௌகார்பேட்டையில் அடகில் இருந்தது.

* * *

சபையின் நடுவே நின்று மூலதனம் கேட்பது ஏதோ அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான வழக்கம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது பிசகு. 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ரிஜிஸ்டர் செய்தார். மூலதனம் பத்து லட்ச ரூபாய். அதை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார். அந்தப் பங்குகளை விற்க அவர் ஏறி இறங்காத மேடை எது? பேசாத ஊர் எது? நம் நாட்டில் பிரசங்கத்தினால் கப்பல் வாங்கியவர் அவர். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் மேடைப் பேச்சிலும் இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகளிலும் மிதந்தவை என்று சொன்னால் மிகையாகாது.

அதே மாதத்தில், சில நாள் கழித்து, சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்காரப் பாங்கு கதவைச் சாத்தியது. பென்ஷன்காரர்களும் விதவைகளும் ஜமீன்தார்களும் அதில் போட்டிருந்த பணம் போயிற்று. இனி நம் பணத்துக்கு நாமே பாங்கு வைத்துக் கொள்ள வேண்டும் என்று வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்கள் முயன்றதன் பலனாக, 1907 ஆகஸ்டு 15-இல் இந்தியன் பாங்கு தொடங்கியது. அந்தத் தேதிக்கு நாற்பது வருஷம் கழித்து வேறொரு பெருமையும் சேர்ந்தது.

ஆனால் சிதம்பரம் பிள்ளையின் கம்பெனி என்ன ஆயிற்று என்பதையும் மறக்கக் கூடாது. எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தார்கள், மேலும் குறைத்தார்கள், கடைசியில் இலவசமாகவே ஏற்றிச் சென்று, கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள் என்று சொல்வதுண்டு. 1908-இல் பிள்ளையவர்களைச் சிறையில் தள்ளினார்கள். 1911-க்குள் கம்பெனி கலைந்தது. விடுதலையான பிறகு அந்த மகான் இதே சென்னையில் சில்லறை வியாபாரம் செய்து காலம் தள்ளினார். மேடையில் வாங்கிய பணம் தொழிலைத் தொடங்கி வைக்கும். எதிரி குடை கொடுக்கும் நாள் வரும்போது, தாங்கி நிற்கும் பணம் வேறு. அதைக் கொடுக்கும் மனிதர்களும் வேறு.

* * *

வடசென்னையில் அந்த வேறு வகையான பணம் எப்படிப் புழங்கிற்று என்பதற்கு, மெட்ரோ ஸ்டேஷன் எதிலும் பெயர் பொறிக்காத ஒரு கொட்டகையைச் சொல்கிறேன்.

1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் குவிலோன் பாங்கு மூழ்கியது. அதன் தலைவர்களில் ஒருவர் கே. சி. மாமன் மாப்பிள்ளை, மலையாள மனோரமா பத்திரிகையின் ஆசிரியர். திவான் ஸர் சி. பி. ராமசாமி ஐயரின் சமஸ்தான அரசாங்கம் பத்திரிகையைப் பூட்டி ஸீல் வைத்தது. அவரையும் சிறையில் அடைத்தது. அவருடைய புதல்வர் கே. எம். மாமன் மாப்பிள்ளை அப்பொழுது சென்னையில் வாலிபர். கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தபோது விடுதியில் வெறுந்தரையில் படுத்துறங்கினார் என்று சொல்லுகிறார்கள். 1946-இல் அவர் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டுக் குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன் செய்ய ஆரம்பித்தார். இயந்திரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ரப்பர்ப் பாலில் அச்சைத் தோய்த்து, உலர வைத்து, உரித்து எடுக்க வேண்டியதுதான். மனைவியாரும் கூட நின்று வேலை பார்த்தார். செய்த பலூன்களைப் பையில் போட்டுக்கொண்டு அவரே தெருத் தெருவாகப் போய்க் கடைகளில் விற்றார்.

1949-இல் தம்பு செட்டித் தெருவில் ஒரு சிறு ஆபீஸ். பலூனோடு ரப்பர்ப் பொம்மையும் கையுறையும் சேர்ந்தன. 1952-இல்தான் திருப்பம் வந்தது. உறவினர் ஒருவர் பழைய டயர்களுக்கு மறுபடி ரப்பர் ஒட்டும் தொழில் வைத்திருந்தார். அதற்கு வேண்டிய "டிரெட்" ரப்பரை அந்நியக் கம்பெனிகளிடம்தான் வாங்க வேண்டியிருந்தது. "இதை நாம் செய்தால் என்ன?" என்று மாப்பிள்ளைக்குத் தோன்றிற்று. நான்கைந்து வருஷத்துக்குள் நாட்டில் விற்கும் டிரெட் ரப்பரில் பாதி அவருடையதாகிவிட்டது. 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியின் உதவியோடு அதே திருவொற்றியூரில் டயர் செய்யப் புகுந்தார். டன்லப், ஃபயர்ஸ்டோன், குட்இயர் என்ற மூன்று மலைகள் எதிரே நின்றன. அமெரிக்க ரோட்டுக்குச் செய்த முறை நம் ரோட்டின் குழிக்கும் லாரியின் பாரத்துக்கும் ஈடுகொடுக்கவில்லை. எனவே தாமே சோதித்துச் சோதித்துத் திருத்த வேண்டியதாயிற்று. 1967-இல் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி ஆயிற்று. எம்.ஆர்.எஃப். என்ற மூன்று எழுத்துக்களைக் கிரிக்கெட் மட்டையில் பார்த்திருக்கும் நம் பையன்களில் எத்தனை பேருக்கு, அவை நம் தெருக் கோடியில் பலூனாகப் பிறந்தவை என்று தெரியும்? பத்து ரூபாய் முகமதிப்புள்ள அந்தக் கம்பெனியின் ஒரு பங்கு 2023 ஜூன் மாதத்தில் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிற்று.

நேயர்களே, 1946-இல் ஒரு பிட்ச் நைட் நடந்திருந்தால் என்று கற்பனை செய்து பாருங்கள். மேடையில் ஒரு வாலிபர் ஏறுகிறார். "என் தகப்பனாரின் பாங்கு முறிந்தது. அவர் சிறை சென்று வந்தார். நான் பலூன் செய்கிறேன்." கடிகாரம் ஓடுகிறது. "உன் அகழி எது?" என்று கேட்டால் அவர் என்ன சொல்லியிருப்பார்? டயர் என்ற சொல்லே அன்று அவர் வாயில் வந்திருக்காது. ஏனெனில் அவருக்கே அது தெரியாது. ஆறு வருஷம் பையைச் சுமந்து கடை கடையாகப் போனவர் கண்ணில்தான் டிரெட் ரப்பர் பட்டது. ஐந்து நிமிஷத்தில் சொல்ல முடிவது ஏற்கெனவே தெரிந்த விஷயம் மாத்திரமே.

இதைக் கேட்டு யாரும் உடனே கண்ணீர் விட வேண்டாம். மாப்பிள்ளை அன்றும் ஏழைப் பிள்ளை அல்ல. இங்கிலீஷ் படித்த பட்டதாரி. வீட்டில் பணம் போயிற்றே ஒழியப் பெயர் போகவில்லை. பெரிய குடும்பம், ஊர் ஊராக உறவினர். அந்தப் பெயரும் உறவும்தான் அவருடைய ஏஞ்சல்கள். பக்கத்து எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கிய ரகுநந்தன் சரணும் அப்படித்தான். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர். நேருவின் தூண்டுதலால் தொழிலில் இறங்கி, மகன் பெயரைக் கம்பெனிக்கு வைத்து, ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கினார். அது 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955-இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் இங்கிலீஷ்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு புல்லட்டைக் கொண்டு வந்தார்கள். இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மடிந்த பிறகு, 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் போயிற்று. இந்த மூவரும் பெரிய இடத்து மனிதர்கள். அவர்களுக்குக் கதவைத் திறக்க யாராவது இருந்தார்கள். காசிமேட்டுப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

அவளுக்கு இருப்பவர் தண்டல்காரர். பத்தாயிரம் ரூபாய் என்று எழுதிக் கொண்டு, கையில் 8,500 கொடுத்து, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிப்பார். கணக்கு வாத்தியார் என்ற முறையில் பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அசல் நாளுக்கு நாள் குறைந்து வருவதால், வருஷ வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது. மீன்பிடி படகு உரிமையாளர்களுக்கு முன்பணம் கொடுக்கும் வியாபாரிகளும் உண்டு. அந்தப் படகின் மீன் அவர்கள் கையால்தான் விலை போக வேண்டும். அதில் கமிஷன் அவர்களுக்கு. இவற்றைக் கொள்ளை என்று சொல்வது எளிது. ஆனால் தண்டல்காரர் இங்கிலீஷ் கேட்பதில்லை. படம் போட்டுக் காட்டச் சொல்வதில்லை. சாயங்காலம் உங்கள் கடை வாசலில் வந்து நின்று, எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்கிறார். கிண்டி நீதிபதிகளில் ஒருவர்கூட அந்தத் தகரக் கொட்டகையைப் பார்த்ததில்லை.

சர்க்கார் உதவியே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. 2015 முதல் முத்ரா திட்டத்தில் ஈடு இல்லாமல் பாங்குக் கடன் உண்டு. முதல் படி ஐம்பதாயிரம் வரையில். 2016-இல் மத்திய சர்க்கார் ஸ்டார்ட்-அப் இந்தியா திட்டம் ஆரம்பித்தது. தமிழ்நாட்டு அரசாங்கமும் "புத்தொழில்" என்று அழகான தமிழ்ப் பெயர் வைத்து, விதை நிதி கொடுக்கிறது. எல்லாம் மெய். ஆனால் விதை தூவுகிறவர் நிலத்துக்கு வர வேண்டாமா? சபை வடக்கே வரட்டும், தமிழில் கேட்கட்டும், பேச்சைக் கேட்பதற்கு முன் சாமானைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவே.

* * *

பிறரைச் சொல்வானேன் என்று தோன்றியது. தலைமையாசிரியரிடம் கெஞ்சி, கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட ஹாலைக் கேட்டு வாங்கினேன். ஒரகடத்துக்காரர்கள் இரக்கப்பட்டுப் பொங்கல் வரையில் தவணை கொடுத்திருந்தார்கள். "செய்த சாமானோடு வரவும்; பேச்சு தமிழில்; கடிகாரம் கிடையாது" என்று பலகையில் எழுதிப் போட்டேன். கடிகாரம் இல்லாதது தவறு என்று பிறகு தெரிந்தது. முதலில் பேசிய கருவாட்டுக்காரர் முக்கால் மணி பேசினார்.

ஒன்பது பேர் வந்தார்கள். படகு என்ஜின் பழுது பார்க்கும் பையன் ஒருவன். ஊறுகாய் போடும் இரண்டு சகோதரிகள். லாரி டிரைவர் ஒருவரின் மகன், துறைமுகக் கதவில் கன்டெய்னர் லாரிகள் எத்தனை வரிசையில் நிற்கின்றன என்று டெலிபோனில் காட்டும் ஏற்பாடு ஒன்று செய்திருந்தான். அவன் தகப்பனார் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிக்குள் உட்கார்ந்தே கழித்த இரவுகளின் பலன் அது. கேட்க வந்தவர்கள் முப்பது பேர் இருக்கும். ரிட்டையரான பாங்கு குமாஸ்தா ஒருவர், கூட்டுறவுச் சங்கத்து அம்மாள் ஒருத்தி, வேடிக்கை பார்க்க வந்து கடைசி பெஞ்சியில் உட்கார்ந்த தண்டல்காரர் ஒருவர். கூட்டத்தில் மிகச் சிறந்த கேள்வியைக் கேட்டவர் இந்தக் கடைசி மனிதர்தான் என்பதை வருத்தத்தோடு ஒப்புக் கொள்கிறேன். "வாரம் ஐம்பது ரூபாய் தவணைன்னியே பாப்பா, மழைக் காலத்துல போட்டு கடலுக்குப் போகாது, அப்ப எப்படி வசூல் பண்ணுவே?" என்றார். மீன் இல்லாத வாரத்தில் தவணையும் இல்லை என்று முன்பே பேசியிருப்பதாக அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அது பாராட்டா பரிதாபமா என்று தெரியவில்லை.

பணம் ஒரு காசு திரளவில்லை.

எல்லோரும் எழுந்த பிறகு, எண்ணூர் லாரித் தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். அவர் அதுவரை வாய் திறக்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மூலையில் கட்டை விரலால் தடவினார்.

"கண்ணு, மூலைக்குப் பத்து ரிவெட் அடிச்சிருக்கே. ரிவெட்டுன்னா ஓட்டைன்னு அர்த்தம். அங்கேதான் உன் ஐஸ் கரையுது. தகட்டை ஒரே வீச்சுல மடிச்சா இதுல எட்டு வேணாம். மூணு நாள் வேலை ஒரு நாளாகும்."

"மடிக்கிறதுக்கு டை வேணுமே, தாத்தா. வெளியில கேட்டா முப்பதாயிரம் சொல்றாங்க."

"டை நான் போட்டுத் தரேன். இரும்புக்குக் காசு நீ குடு. என் கூலியை இருபதாவது பெட்டிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்."

"இருபதாவது பெட்டியா!" என்று கடைசி பெஞ்சியிலிருந்து தண்டல்காரர் சிரித்தார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போயிருந்தேன். டை வந்துவிட்டது. முதல் தகட்டை மடித்தபோது மடிப்பு நெடுக மயிரிழை போல விரிசல் விட்டது. பெண்ணின் முகம் கறுத்தது. பெரியவர் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அதில் ஓடும் மெல்லிய கோடுகளைக் காட்டினார். ஆலையில் தகட்டை உருட்டிய திசை அது. அந்தக் கோட்டுக்கு இணையாக மடித்தால் வெடிக்கும், குறுக்கே மடித்தால் தாங்கும் என்றார். இரண்டாவது தகட்டைக் குறுக்கே வைத்து அழுத்தினார்கள். விரிசல் இல்லை.

அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதினாள். முதல் வரியில் "என் கூலி, ஒரு நாள், 700" என்று போட்டாள். அதன் கீழே சாமான் 2,000. கூட்டி 2,700 என்றாள். மீன் விற்றுத் திரும்பிய தாயார் கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இரண்டாயிரத்து எழுநூறா? எதிர் வீட்டுக்காரிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் குடுத்தியே. இவளுங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"அது ஒழுகுற பெட்டி, அம்மா. இது ஒழுகாது."

"அப்ப அவளுக்கு ஒழுகுறதைக் குடுத்தேன்னு சொல்லட்டுமா?"

அவர்கள் பேசிக் கொண்டே இருந்தார்கள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று.